மேற்கே தினமும் நிற்கும் வெளிச்சம்: ட்ரோனா, கிரகமா?

2025 ஜனவரி 8, புதன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் இருக்கும் பீனிக்ஸ் தம்பி ஒருவரின் கேள்வி:

"அண்ணே, பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மேற்கே ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம். மினுக்கவில்லை, நகரவில்லை, சத்தமும் இல்லை. ஒன்பதரைக்கு மேல் காணோம். மறுநாள் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. போன மாதம் அமெரிக்காவில் ட்ரோன் ட்ரோன் என்று அமளிப்பட்டதே, அதையே இங்கேயும் யாரோ விடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. நட்சத்திரம் இவ்வளவு பெரிதாக இருக்காது. அப்படியானால் இது என்ன?"

ஜனவரி 8, இரவு 10.15

வெள்ளி. ஜாதகத்தில் வருகிற அதே சுக்கிரன்தான். சந்திரனுக்கு அடுத்தபடி ராத்திரி வானத்தில் நிலையாகத் தெரிகிறவற்றில் அதிக வெளிச்சம் இதற்குத்தான். நட்சத்திரம் இவ்வளவு பெரிதாக இருக்காது என்று தம்பி சொன்னது சரி. இது நட்சத்திரம் இல்லையே.

ட்ரோன் கட்சிக்கு ஒரு கேள்வி. கடையில் வாங்கும் ட்ரோனின் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். இரண்டரை மணி நேரம், தினமும், டர்பன் காற்றில் ஆடாமல் எப்படி நிற்கும்? போன வெள்ளிக்கிழமை, 3ஆம் தேதி, பிறை நிலா இதன் பக்கத்தில் வந்து நின்றது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அந்த வீடியோவையும் பார்த்தேன். வெளிச்சத்தை ஜூம் பண்ணப் பண்ண, தண்ணீரில் ஆடும் எண்ணெய்ப் பொட்டு மாதிரி விரிந்து துடிக்கிறது. போன் லென்ஸ் போகஸ் கிடைக்காமல் தடுமாறினால் எந்தப் புள்ளியும் அப்படித்தான் தெரியும். தெருவிளக்கை எடுத்துப் பாருங்கள், அதுவும் துடிக்கும்.

ஜனவரி 9, மாலை 7.40

தம்பி எழுதியிருக்கிறார்: "நகரவில்லை என்றேன், இல்லை அண்ணே, நேற்று உட்கார்ந்து பார்த்தேன், மெதுவாக இறங்குகிறது. அப்படியென்றால் கட்டுப்படுத்துகிறார்கள்தானே?"

பூமிதான் கட்டுப்படுத்துகிறது. மணிக்கு 15 பாகை சுற்றுகிறது, அதனால் வானத்தில் எல்லாமே அந்தக் கணக்கில் நகரும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. ஒரு முஷ்டி தூரம் நகர 40 நிமிடம் ஆனால் அது வானத்துப் பொருள். ஒரே நிமிடத்தில் கடந்தால் விமானம் அல்லது செயற்கைக்கோள். இரண்டு மணி நேரத்துக்கு அசையவே இல்லையென்றால் மலைமேல் இருக்கிற டவர் விளக்கு.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. துறைமுகத்தில் இரவு ஷிப்டு, கிரேன் கேபின். அடுத்த லாரி வரும்வரை முன்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் வானம். கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சத்தை நிறுத்தி வைத்தால் அது எவ்வளவு வேகமாகச் சட்டத்துக்குப் பின்னால் போகிறது என்பதிலேயே அது யார் என்று தெரிந்துவிடும். கேபினை அசைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 11, காலை

சாட்ஸ்வொர்த் அக்கா கேட்டது: "மேற்கே இருப்பது வெள்ளி, சரி. ராத்திரி ஒன்பது மணிக்கு வடக்கே ஒன்று தெரிகிறதே, அதுவும் மினுக்காமல். அது என்ன? தமிழ்நாட்டிலிருந்து என் தங்கை அனுப்பின கட்டுரையில் வியாழன் தலைக்கு மேலே என்று போட்டிருக்கிறது. இங்கே தலைக்கு மேலே ஒன்றும் இல்லை."

அக்கா, வடக்கே இருப்பதுதான் வியாழன். நேற்று ராத்திரி நிலா அதன் பக்கத்தில்தான் நின்றது. இந்த மாதம் ரிஷப ராசியில் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பாக ரோகிணி நட்சத்திரம். தங்கை சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி.

இங்கே குழப்பமெல்லாம் இதனால்தான் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் கட்டுரை, வீடியோ, காலண்டர் எல்லாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே நின்று எழுதியவை. நாம் தெற்கே 30 பாகையில் இருக்கிறோம். சூரியனும் சந்திரனும் கிரகங்களும் போகிற பாதை நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கிரகத்தைத் தேடுகிறவர் இங்கே வடக்கே பார்த்து நிற்க வேண்டும். மேற்கே இறங்கும்போதும், சென்னையில் வலது பக்கம் சரிந்து இறங்கும், இங்கே இடது பக்கம். மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் அந்த வேட்டைக்காரன் கூட்டம் நமக்குத் தலைகீழாக நிற்கிறது.

என் ஆயாவுக்கு இந்தத் திருப்பல் தண்ணிபட்ட பாடு. ஊரில் அவர் அம்மா சொல்லிக்கொடுத்த நட்சத்திரப் பெயர்களை வாசலில் வடக்கே பார்த்துக் கட்டிலைப் போட்டு எங்களுக்குச் சொல்வார்.

வடகிழக்கே ஆரஞ்சு நிறத்தில் தாழ்வாக ஒன்று இருக்கிறதே, அது செவ்வாய். 16ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, அதனால்தான் இத்தனை வெளிச்சம். 13ஆம் தேதி ராத்திரி முழு நிலா அதன் பக்கத்தில் இருக்கும்.

ஜனவரி 12

நட்சத்திரப் பெயர் காட்டும் போன் ஆப் வைத்துப் பார்த்தால் போதாதா என்கிறார் ஒருவர். போதும், போனின் திசைகாட்டி சரியாக இருந்தால். இரும்பு கேட், கார், தகரக் கூரை பக்கத்தில் நின்று பிடித்தால் வடக்கைக் கிழக்கு என்று காட்டும். நாலடி தள்ளி நின்று, போனை எட்டு போடுவது போல் காற்றில் ஆட்டிவிட்டுப் பிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிராய் அடுப்பில் கறி வாட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் பூதம் ஓட்டுகிறீர்களா என்று கேட்டால் நான் பொறுப்பில்லை.

ஜனவரி 14

பொங்கல் அன்று மாலை கடலுக்கு மேலே தீப்பிடித்த கப்பல் என்று ஒரு செய்தி. நிலா உதயம்.

ஜனவரி 19

வெள்ளிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒன்று இரண்டு நாளாகத் தெரிகிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அது சனி. நேற்றுதான் இரண்டும் மிக நெருங்கி வந்தன, இடையில் 2 பாகை சொச்சம். இனி நாளுக்கு நாள் விலகும்.

அதை விடுங்கள். இந்த வாரம் பார்க்க வேண்டியது வேறு. சி/2024 ஜி3 அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் 13ஆம் தேதி சூரியனுக்கு 1 கோடியே 40 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறது. போன ஏப்ரலில் சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. இப்போது தென்கோளத்து ஆட்களுக்குத்தான் நல்ல காட்சி, வடக்கே இருப்பவர்களுக்குச் சிரமம். ஒரு தடவையாவது நம் பக்கம் சாய்ந்தது.

சூரியன் மறைந்த இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம், அடிவானத்துக்குப் பக்கத்தில், இருட்டு சூழும்போது. வெள்ளி இதற்கு நன்றாக வலப்பக்கம், மேலே இருக்கும். இரண்டையும் குழப்ப வழியில்லை.

ஜனவரி 23

பார்த்தேன்.

டர்பனில் முடியாது. மேற்கே மேடு, மேலே மேகம், கீழே விளக்கு. மச்சானின் பக்கி (பிக்கப்) வண்டியில் என்3 சாலையில் கேட்டோ ரிட்ஜ் தாண்டிப் போய், ஒரு மண்சாலையில் விலகி, மேற்கே திறந்த மேட்டில் நிறுத்தினோம். இருட்டு வரும்வரை ஒன்றும் இல்லை. மச்சான் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபோது, வெளிறிய கோடு ஒன்று அடிவானத்திலிருந்து சாய்வாக மேலே. கண்ணுக்கு அது பழகியதும் வண்டி உயரத்துக்கு எழுந்து நிற்பது தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் தலைப்பக்கம் பளிச்சென்று புள்ளி எதுவும் இல்லை. கரு சிதைந்துவிட்டது, வால் மட்டும் மிச்சம் என்று வானியலாளர்கள் சில நாளாகச் சொல்லிவருகிறார்கள்.

"தலை இல்லாத வாலா" என்றார் மச்சான். அவர் வேலை செய்யும் கம்பெனியைப் பற்றியும் அதையேதான் சொல்வார்.

வீட்டுக்கு வந்து 1882 செப்டம்பர் வால்நட்சத்திரத்தைப் பற்றிப் படித்தேன். கேப் டவுன் ராயல் வானாய்வகத்தின் பின்லே அதை 8ஆம் தேதி விடியற்காலை பார்த்தார். 17ஆம் தேதி பட்டப்பகலிலேயே சூரியனுக்குப் பக்கத்தில் தெரிந்தது. பின்லேயும் எல்கினும் அது சூரிய விளிம்பைத் தொட்டு மறையும்வரை தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத் தலைவர் டேவிட் கில் அதைப் படம் எடுத்தார். படத்தில் வால்நட்சத்திரத்தோடு பின்னால் இருந்த நட்சத்திரங்களும் ஏராளமாக விழுந்துவிட்டன. அதைப் பார்த்துத்தான் நட்சத்திரப் பட்டியலைக் கண்ணால் எண்ணாமல் படம் எடுத்தே தயாரிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தென்வானத்துக்கு அப்படி ஒரு பெரிய பட்டியலே பிறகு வந்தது.

டுரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களை டர்பனில் இறக்கியது 1860 நவம்பர் 16. அதற்கு 22 வருஷம் கழித்து இது. விடிவதற்கு முன்பே கரும்புக் காட்டுக்கு நடந்தவர்கள் கிழக்கே இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. கில் படம் எடுத்தார், நமக்கு அதுதான் மிச்சம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

பிப்ரவரி 2

மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி: "விடியற்காலை நாலு மணிக்கு மேற்கே மேட்டுக்கு மேலே ஒன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி அடிக்கிறது. போலீஸ் ஹெலிகாப்டர் என்று நினைத்தேன். அரை மணி நேரமாக அங்கேயே நிற்கிறது."

முதலில் ஒரு நல்ல கேள்விக்கு நன்றி. மணி, திசை, நிறம், எவ்வளவு நேரம், நாலும் இருக்கிறது. 'ஏதோ பெருசா தெரியுது அண்ணே' என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துப் பழகவும்.

சிரியஸ். ராத்திரி நட்சத்திரங்களில் வெளிச்சத்தில் முதல். அந்த நேரத்தில் மேற்கே, கொஞ்சம் தெற்காக, ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் இருக்கும். அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி நம் கண்ணுக்கு வர, காற்றில் நெடுந்தூரம் கடக்க வேண்டும். அந்தக் காற்று கொதிக்கிற மாதிரி கலங்கிக்கொண்டே இருப்பதால் நிறங்கள் பிரிந்து ஒன்று மாற்றி ஒன்று நம்மை எட்டும். இதே சிரியஸை ராத்திரி ஒன்பதரைக்கு உச்சியில் பாருங்கள், வெள்ளையாக அமைதியாக இருக்கும்.

கிரகம் மினுக்காது, நட்சத்திரம் மினுக்கும் என்று நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். தொலைநோக்கியில் கிரகம் ஒரு வட்டு, நட்சத்திரம் எத்தனை பெரிதாக்கினாலும் வெறும் புள்ளி, அதனால் பெரும்பாலும் உண்மை. ஆனால் அடிவானத்தை ஒட்டிய ஒரு முஷ்டிக்குள் அந்த விதி செல்லாது. அங்கே வெள்ளிகூட ஆடும்.

தங்கச்சி, அதே நேரம் தென்மேற்கே சிரியஸுக்கு மேலே இடப்பக்கமாகத் தெரிந்திருக்கும் இன்னொரு பெரிய நட்சத்திரம் அகத்தியர். உலகம் கனோபஸ் என்கிறது. பரமசிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் இமயமலையில் கூடி வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததால், சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். வானத்திலும் அவர் தெற்கேதான் இருக்கிறார். டெல்லியில் நின்றால் அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் 9 பாகைதான் ஏறுவார், மேடோ மரமோ இருந்தால் அதுவும் இல்லை. சென்னையில் 24 பாகை. டர்பனில் 67. பொதிகையோடு நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த மாதம் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு முற்றத்தில் மல்லாந்து படுங்கள். உச்சிக்கு வடக்கே சிரியஸ், தெற்கே அகத்தியர். இரவு வானின் முதல் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் தலைக்கு இருபுறமும். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரம், பக்கத்து வீடு. அகத்தியர் 300 ஒளியாண்டுக்கு மேல். அவ்வளவு தூரத்திலிருந்தும் இரண்டாம் இடம் என்றால் உண்மையில் எவர் பெரியவர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3

கடலுக்கு மேலே கிழக்கில் தெரிவதற்கெல்லாம் என்னிடம் கிரகப் பெயர் கேட்காதீர்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்கள் அவை. 100 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது தளத்து விளக்குகளை எரியவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. பனிமூட்டமான ராத்திரியில் அடிவானக் கோடு தெரியாது, கப்பல் வானத்தில் தொங்கும். போதாததற்கு, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டுகளைக் கப்பலில் இறக்க ஹெலிகாப்டர் போகிற துறைமுகம் இது. கடலுக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்று, இறங்கி, மறுபடி ஏறிப் போனால் வேற்றுகிரகத்தார் இல்லை, டூட்டி மாறும் பைலட்.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். காவடி முடிந்து கால் வலியோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் பையன் மேற்கே காட்டி "அங்கிள், அது ஏரோப்ளேனா" என்றான். அவனிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்துப் பார்த்தவன் "நிலா" என்றான்.

அவன் பார்த்தது வெள்ளியின் பிறை. நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரவரப் பிறை மெலிகிறது. ஆனால் நெருங்கி வருவதால் உருவம் பெரிதாகிறது, வெளிச்சம் கூடுகிறது. இந்த வாரம்தான் இந்தச் சுற்றின் உச்ச வெளிச்சம். வானம் நன்றாக இருட்டுவதற்கு முன்பே பைனாகுலரில் பாருங்கள், அப்போதுதான் பிறை கூசாமல் தெரியும். சூரியன் முழுக்க மறைந்த பிறகு மட்டும். இது விளையாட்டில்லை, கண் போய்விடும்.

பிப்ரவரி 20

ஒரே வரிசையில் முப்பது நாற்பது விளக்கு ரயில் மாதிரி போனது என்று லெனேசியாவிலிருந்து ஒருவர். ஸ்டார்லிங்க், இணையம் தரும் செயற்கைக்கோள்கள். ராக்கெட் ஏவி முதல் சில நாள்கள் அப்படித்தான் வரிசையாகப் போகும், பிறகு கலைந்துவிடும். இந்த நாட்டில் அந்த இணையத்துக்கு இன்னும் உரிமம் இல்லை. தலைக்கு மேலே போக உரிமம் கேட்பதில்லை போல.

தனியாக ஒன்று, மினுக்காமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் விண்வெளி நிலையமாக இருக்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு இருட்டான பிறகும் அதன்மேல் வெயில் அடிக்கும். நடு வானத்தில் திடீரென்று அணைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. சிவப்பும் பச்சையும் விட்டு விட்டு எரிந்தால் விமானம். விமானம் நம்மை நோக்கி நேராக வரும்போது முன்விளக்கு நாலைந்து நிமிடம் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். முஷ்டி சோதனையை அவசரப்பட்டு முடிக்காதீர்கள் என்பது அதற்காகத்தான்.

மார்ச் 10

"வெள்ளி எங்கே போனது அண்ணே?"

சூரிய வெளிச்சத்துக்குள். 23ஆம் தேதி வாக்கில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே கடக்கிறது. ஆனால் நேர் நடுவே இல்லை, சூரியனுக்கு 8 பாகை வடக்கே. அதனால் ஐரோப்பாவில் இருப்பவர்கள் கடைசி வரை பார்ப்பார்கள், சில நாள்கள் மாலையிலும் விடியற்காலையிலும் இரண்டு தடவை பார்க்கக்கூட முடியும். தெற்கே இருக்கும் நமக்குச் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. வால்நட்சத்திரத்துக்கு ஈடு செய்துகொண்டார்கள். ஏப்ரலில் கிழக்கே விடிவெள்ளியாக வரும்.

வெருலம் அக்கா, சுக்கிரன் மறைந்திருக்கும்போது கல்யாணம் வைக்கலாமா என்பதை ஐயரிடம் கேளுங்கள். எங்கே இருக்கிறது என்றால் சொல்வேன், என்ன செய்யும் என்றால் எனக்கு வேலை இல்லை.

மார்ச் 16

14ஆம் தேதி சந்திர கிரகணத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சண்டை. அது தொடங்கும்போது நமக்கு நிலா மறைந்து விடிந்துவிட்டது. அமெரிக்காவுக்கு உரிய கிரகணம் அது.

நம்முடையது செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. மாலை 6.27க்கு நிழல் பிடிக்கும். 7.30 முதல் 8.52 வரை முழுக் கிரகணம், நிலா செம்பு நிறத்தில் இருக்கும். 9.56க்கு விடும். கண்ணுக்குக் கண்ணாடி எதுவும் வேண்டாம், பைனாகுலர் இருந்தால் நல்லது. நிலாவுக்குக் கீழே மஞ்சளாகத் தெரிவது சனி, இதற்குத் தனியாகக் கேள்வி அனுப்ப வேண்டாம். கிழக்கே திறந்த இடம் வேண்டும், கடற்கரைதான் தோது. அன்று எனக்கு ஷிப்டு இருந்தால் மாற்றிக்கொள்வேன். வருகிறவர்கள் ஆகஸ்டில் சொல்லுங்கள், யார் வண்டியில் எத்தனை பேர் என்று பார்க்கலாம்.